லோடு ஏற்றுமுன் ஆளை அறியுங்கள்!

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சாவடியைக் கடந்து மலை ஏறினால் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த இந்தக் காட்டில், பம்பாய் பர்மா கம்பெனி தேயிலை பயிரிட்டது. 2024-இல் தோட்ட வேலையை நிறுத்திவிட்டது. அதுவரை அங்கிருந்து தேயிலை இறக்கிய லாரிக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்ததில்லை. சரக்கு யாருடையது என்பது ஊரறிந்த விஷயம்!

ஆனால், எல்லா லோடும் அப்படி அமைவதில்லை. சரக்கு ஒருவருடையது, புக்கிங் செய்பவர் இன்னொருவர், லாரி தேடும் தரகர் மூன்றாமவர். சரக்குக்காரர் கொடுத்த வாடகை நடுவழியில் நின்றுவிட்டால், டீசல் செலவும் மாதத் தவணையும் லாரிக்காரர் தலையில் விழும். நாணயமான தரகர்கள் பலர் உண்டு. அவர்களை இனம் காண்பது எப்படி?

சட்டம் தரும் துணை

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பொதுச் சரக்குப் போக்குவரத்து நடத்தும் புக்கிங் கம்பெனியும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்து, 15 இலக்க ஜி.எஸ்.டி. எண். அரசின் இணையதளத்தில் அதைப் போட்டால், அது யார் பெயரில் உள்ளது, நடப்பில் உள்ளதா என்பது காசில்லாமல் தெரியும். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குப் பொதுவாக இ-வே பில் வேண்டும். அதில் அனுப்புபவர், பெறுபவர், லாரி எண் மூன்றும் சரிதானா என்று பாருங்கள். அனுப்புபவரிடமே நேரில் பேசி, இந்தத் தரகரிடம் லோடு கொடுத்தது உண்மையா என்று கேளுங்கள்.

எச்சரிக்கை!

சந்தை வாடகையைவிட மிக அதிகம் தருவதாக ஆசை காட்டுபவர், லோடு கொடுக்குமுன்பே கமிஷன் கேட்பவர், சரக்குக்காரர் விவரத்தை மறைப்பவர் ஆகியோரிடம் உஷாராக இருங்கள். அதிக பாரம் ஏற்றச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் வேறு!

வாடகை, அட்வான்ஸ், பாக்கி தரும் நாள், காத்திருப்புக் கூலி எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். சரக்கை இறக்கியதும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ரசீதில் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாக்கியை வசூலிக்க அதுவே சாட்சி.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. சரக்கு ஏறும் வரையில்தான் லாரிக்காரர் பேச்சுக்கு மதிப்பு. ஆகவே, கேட்க வேண்டியதை அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்!