ஒரு பருவம் அயல்நாட்டில்



அயல்நாடு சென்று படித்தல் என்றவுடன் நம் மனத்தில் எழுவது ஒரு முழுப் பட்டத்தைப் பற்றிய எண்ணமே ஆகும். இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கேயே தங்கிப் பயின்று, அந்நாட்டுப் பட்டத்தோடு திரும்புவோரையும், திரும்பாமலே இருந்துவிடுவோரையும் நாம் அறிவோம். இன்று நான் விளக்கப் புகுவது அதனின் வேறானது. நம் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே இருந்துகொண்டு, ஒரே ஒரு பருவம் மட்டும், அதாவது நான்கைந்து திங்கள், வேறொரு நாட்டில் பயின்று, அங்கே தேறிய பாடங்களை இங்குள்ள பட்டத்திற்குக் கணக்கிட்டுக்கொள்ளும் முறை அது. போய்வருவது எளிது, கணக்கிடுவதுதான் அரிது. இம்முறையின் வரலாறு முழுவதும் அந்தக் கணக்கைப் பற்றியதே என்று கூறினும் பொருந்தும்.

இதனைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது ஐரோப்பா. 1987ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அங்கே தோன்றிய திட்டத்திற்கு 'இராஸ்மஸ்' என்று பெயர். ஒரு நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் அப்பெயர் வரும் என்பர். பெயரை முன்னே வைத்துக்கொண்டு தொடரைப் பின்னே பொருத்தினார்கள் என்பதே என் எண்ணம். ராட்டர்டாம் நகரத்து அறிஞர் இராஸ்மஸ், பாரிசில் படித்தார். 1506இல் இத்தாலியின் தூரின் நகரில் முனைவர் பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கற்பித்தார். 1536இல் பாசெல் நகரில் மறைந்தார். ஊர் ஊராகச் சென்று கற்றவர் பெயரைவிடப் பொருத்தமான பெயர் வேறு கிடைத்திராது. முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றனர். தொழில் பயில்வோரும் ஆசிரியரும் பின்னர்ச் சேர்க்கப்பட்டனர். இதுவரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் இத்திட்டத்தால் பயன் பெற்றுள்ளனர்.

இதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர் சோபியா கொர்ராடி என்னும் இத்தாலியப் பெண்மணி. உரோமாபுரியில் சட்டம் பயின்ற அவர், உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று 1958இல் ஊர் திரும்பினார். அங்கே படித்ததைத் தம் இத்தாலியப் படிப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டபோது, பிறர் காதுபட ஏளனம் செய்து அவரை அனுப்பிவிட்டார்கள். இதனை அவரே பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். பிறராயின் மனம் நொந்து அடங்கியிருப்பர். அவரோ 1969இல் இதுபற்றி ஒரு குறிப்பு எழுதினார். கல்வி அமைச்சகம், துணைவேந்தர் குழு என்று வாயில் வாயிலாக ஏறி இறங்கினார். குறிப்பு திட்டமாவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. ஐரோப்பிய மாணவர்கள் அவரை 'இராஸ்மஸ் அன்னை' என்று அழைத்தனர்.

சரி, ஒரு நாட்டுப் படிப்பை மற்றொரு நாட்டில் எவ்வாறு அளப்பது? இதற்கென மதிப்பலகு என்னும் ஓர் அளவை வகுத்தார்கள். கல்லூரிகளில் 'கிரெடிட்' என்று வழங்குவதும் இதுவே. ஓராண்டுப் படிப்பு 60 மதிப்பலகு. ஒரு பருவம் 30. ஒரு மதிப்பலகு என்பது மாணவர் 25 முதல் 30 மணி நேரம் உழைக்கும் உழைப்பு. வகுப்பில் அமர்வது, நூலகத்தில் படிப்பது, கட்டுரை எழுதுவது, தேர்வுக்கு ஆயத்தமாவது எல்லாம் அதில் அடங்கும். பல்லாண்டு கரும்பலகையின் முன் நின்ற எனக்கு இது வியப்பாக இருந்தது. ஆசிரியர் எத்தனை மணி பேசினார் என்பதையே நாங்கள் எண்ணிப் பழகியவர்கள். மாணவர் எத்தனை மணி உழைத்தார் என்பதை எண்ணுவது, உள்ளபடியே நேர்மையான கணக்கு.

மதிப்பெண்ணிலோ குழப்பம் மிகுதி. பிரான்சில் 20க்கு 10 பெற்றால் தேர்ச்சி. இத்தாலியில் 30க்கு 18 வேண்டும். ஜெர்மனியில் எண் தலைகீழாக நிற்கிறது: 1 என்பது மிகச் சிறந்தது, 4 என்பது கடைசித் தேர்ச்சி, 5 என்றால் தோல்வி. அங்கிருந்து 1.3 என்று எழுதிய தாள் வந்தால், விவரம் அறியாத தந்தை மகனை வைவார். ஆகவே எண்ணை அப்படியே பெயர்க்காமல், அந்தப் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் அம்மதிப்பைப் பெறுகின்றனர் என்று பார்த்து, அதற்கு நிகரான மதிப்பை இங்கே இடுவது நல்ல முறை.

என்னிடம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி, சுற்றுச்சூழல் அறிவியல் முதுநிலை வகுப்பிலிருந்து, இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே இருந்த ஓர் உடன்பாட்டின்படி, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகருக்கு ஒரு குளிர்காலப் பருவம் சென்றாள். 1457இல் நிறுவப்பெற்ற பழைய பல்கலைக்கழகம் அது. இராஸ்மஸ் 1529இல் பாசெலைவிட்டு வந்து சில ஆண்டுகள் தங்கியதும் அந்நகரில்தான். அவர் குடியிருந்த 'திமிங்கில இல்லம்' இன்றும் காட்டப்படுகிறது. அவள் எனக்கு எழுதிய கடிதங்களிலிருந்து சில செய்திகளைக் கூறுகிறேன்.

அங்கே பத்து மணி வகுப்பு என்று அட்டவணையில் இருந்தால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். மணிக்கூண்டின் ஓசை கேட்டு மாணவர் புறப்பட்ட காலத்திலிருந்து வரும் பழைய வழக்கம் அது என்பார்கள். இதை அறியாமல் முதல் நாள் வெற்று அறையில் அமர்ந்து, இடம் தவறிவிட்டதோ என்று அஞ்சினாளாம். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். திடுக்கிட்டுவிட்டேன் ஐயா, என்று எழுதியிருந்தாள்.

அவளை உண்மையில் வருத்தியவை இவையல்ல. கருத்தரங்க வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்துரைக்க வேண்டும். அவள் பன்னிரண்டு கட்டுரைகளைப் படித்து, அவற்றில் உள்ளதைப் பிழையின்றி ஒப்புவித்தாள். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவற்றுள் எது உனக்கு ஐயத்திற்குரியதாகத் தோன்றுகிறது என்று வினவினார். அவளுக்கு விடை இல்லை. ஐயத்திற்கு இடமின்றிக் கற்பதையே நாம் அவளுக்குப் பதினாறு ஆண்டு பழக்கியிருந்தோம். அடுத்த முறை எடுத்துரைக்க, ஒரே கட்டுரையின் அளவீட்டு முறையை மூன்று வாரம் ஆராய்ந்தாள்.

திசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். விடுதித் தோழர்கள் விடுமுறைக்கு வீடு சென்றபின், பொதுச் சமையலறையில் தனியே சோறாக்கிக் கடுகு தாளித்து, புகை மணி அலறி, ஒருவரும் வந்து பார்க்காத அந்த இரவைப் பற்றி அவள் எழுதிய கடிதம் மட்டும் மிகச் சிறியது.

போகும் முன் ஓர் ஒப்பந்தத் தாள் எழுத வேண்டும். எந்தெந்தப் பாடம் அங்கே படிப்பது, அது இங்கே எதற்கு ஈடாகும் என்று குறித்து, மாணவர், தாய்ப் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் கையொப்பமிடுவர். அங்கே சென்றபின் இரு பாடங்களின் நேரம் மோதியதால், அவள் ஒன்றை விட்டுக் காட்டு மண்ணைப் பற்றிய பாடம் ஒன்றை எடுத்தாள். மாற்றத்தை உடனே எழுதி மூவரின் ஒப்பமும் பெற்றிருக்க வேண்டும். வேலைப் பளுவில் விட்டுவிட்டாள். திரும்பியபின் 30 மதிப்பலகில் 25ஐ ஏற்றார்கள். மண் பாடத்தின் 5ஐ ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் விட்ட பாடத்தை அடுத்த பருவத்தில், வழக்கமான சுமையோடு சேர்த்து, மீண்டும் படித்துத் தேறினாள். கருங்காட்டின் பைன் மரங்களுக்கு அடியில் மண்ணைத் தோண்டிப் பார்த்த அந்தப் பாடத்தில்தான் தான் மிகுதியாகக் கற்றதாக இன்றும் கூறுகிறாள். கொர்ராடி அம்மையார் பட்ட அல்லல் முற்றும் தீர்ந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் 2021இல் மதிப்பலகுகளைச் சேமித்து வைக்கும் வங்கி ஒன்று ஏற்படுத்தப்பட்டுள்ளது. ஐரோப்பியத் திட்டமும் பிற கண்டத்துப் பல்கலைக்கழகங்களோடு உடன்பாடு செய்துகொள்ள இடம் தருகிறது. இத்தகைய பரிமாற்றத்தில் செல்வோர் ஏற்கும் பல்கலைக்கழகத்திற்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் செலுத்துவதில்லை. இங்கே செலுத்துவதே போதும். உறையுள், உணவு, பயணச் செலவு வேறு. அவற்றிற்கு உதவித்தொகை உண்டா என்பதை முதலிலேயே கேட்டறிய வேண்டும். ஐரோப்பாவின் குறுகிய கால விசா 90 நாளுக்கு மேல் செல்லாது. ஒரு பருவமோ அதனினும் நீண்டது. ஆதலின் செல்லும் நாட்டின் நீண்டகால விசாவைத் தனியே பெற வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகக்கூடும். நான்காம் பருவத்தில் செல்ல விரும்புவோர், இரண்டாம் பருவத்திலேயே தம் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகத்தில், எந்தப் பல்கலைக்கழகங்களோடு உடன்பாடு இருக்கிறது, எந்தத் துறைக்கு எத்தனை இடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.