மனை விலையோடு செலவு முடியாது

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டிலும் செலவு சொல்லிக்கொண்டு வராது. மனை வாங்கும்போதே அப்படி ஒரு செலவு இருக்கிறது. அதுதான் மேம்பாட்டுக் கட்டணம்.

அது என்ன கட்டணம்?

மைசூரைச் சுற்றி வயல்கள் மனைகளாகி வருகின்றன. வயலில் சாக்கடை இல்லை. தெருவிளக்கு இல்லை. குடிநீர்க் குழாய் இல்லை. வீடுகள் வந்தால் இவை எல்லாம் வேண்டும். இவற்றுக்குப் பணமும் வேண்டும். ரோடும் குழாயும் வந்தால் மனையின் விலை ஏறும். அதனால் செலவில் ஒரு பங்கை மனைக்காரர் தர வேண்டும். இதுதான் கணக்கு.

சாக்கடை எவ்வளவு முக்கியம் என்பதை மைசூர் பட்டுத் தெரிந்துகொண்ட ஊர். சுமார் 125 ஆண்டுகளுக்கு முன் அங்கே பிளேக் நோய் பரவியது. அதன் பிறகு, 1903இல் நகர மேம்பாட்டு வாரியம் ஏற்பட்டது. அகலமான தெருக்களோடு புதிய பகுதிகள் எழுந்தன. 1988இல் அந்த வேலை 'மூடா' என்ற ஆணையத்திடம் வந்தது. 2025இல் அது மைசூர் வளர்ச்சி ஆணையம் ஆனது.

யார் கட்டுவது?

அனுமதி பெற்ற லேஅவுட்டில், மனை பிரித்தவரே ரோடும் சாக்கடையும் போட வேண்டும். அந்தச் செலவை மனை விலையில் சேர்த்துவிடுவார். சிலர் அதைத் தனியாகவும் கேட்பார்கள்.

அனுமதி இல்லாத மனையும் உண்டு. கர்நாடகத்தில் அதை ரெவின்யூ சைட் என்பார்கள். விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமலே பிரித்து விற்பது அது.

ஒரு கணக்குப் பார்ப்போம். அனுமதி பெற்ற மனை 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அனுமதி இல்லாத மனை 8 லட்சம். 4 லட்சம் மிச்சம் போலத் தெரியும். ஆனால் தண்ணீரை லாரியில் வாங்க வேண்டும். மழை வந்தால் வாசலில் சேறு. வங்கிக் கடன் கிடைப்பது கடினம். மேம்பாட்டுக் கட்டணமும் பின்னால் வந்து நிற்கும். கடைசியில் மிச்சம் எங்கே?

"வரி ரசீது இருக்கிறதே" என்பார் தரகர். வரி கட்டியதால் மட்டும் மனை முறையானது ஆகிவிடாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. லேஅவுட்டுக்கு அனுமதி உண்டா? அந்தக் காகிதம் எங்கே?

2. விவசாய நிலம் வீட்டு நிலமாக மாற்றப்பட்டதா?

3. மேம்பாட்டுக் கட்டணம் கட்டியாகிவிட்டதா? ரசீது எங்கே?

4. இனி ஏதாவது கட்டணம் வந்தால் யார் கட்டுவது?

நான்காவது கேள்விக்கு வரும் பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

2016ஆம் ஆண்டு வீட்டு மனைச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய லேஅவுட்டுகளை ரேரா அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

கட்டணத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். மைசூரில் காகிதங்கள் பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். கன்னடம் படிக்கத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். அவர் வரி வரியாகப் படித்துச் சொல்லட்டும். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மனை ஒரு நாளில் வாங்குவது. அதற்கான பணம் பல வருட உழைப்பு. கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம்.