ஜவ்வும் குதிரைவாலும்

இடுப்பு வலிக்காரர் இருக்கும் வீட்டில் 'ஜவ்வு விலகிடுச்சு' என்ற பேச்சு அடிபடாமல் இருக்காது. அடுக்கி வைத்த தட்டுகளில் ஒன்று நழுவி நிற்பதுபோல ஒரு படம் மனதில் விழும். ஜவ்வு அப்படி நழுவாது. மேலும் கீழும் முள்ளெலும்போடு இறுகப் பிணைந்த நார் வளையம் அது, நடுவே கூழ். வளையம் நைந்தால் பிதுங்கும், கிழிந்தால் கூழ் வெளியே வரும். இடுப்பில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலும், ஐந்தாவதுக்கு அடியிலும்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. உடம்பின் பாரமெல்லாம் வந்து இறங்கும் இடம்.

காலுக்கு ஓடும் வலிக்குக் கிழிந்த ஜவ்வு காரணமாகலாம் என்று 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர்கள் எழுதினார்கள். அதன்பின் எல்லா இடுப்பு வலிக்கும் ஜவ்வே குற்றவாளி ஆயிற்று. பாவம் அது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. தலை நரைப்பது மாதிரிதான். பத்தில் ஒன்பது இடுப்பு வலிக்கு இன்னதுதான் காரணம் என்று விரல்வைத்துக் காட்ட முடியாது. பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். அதுவரை பாயோடு கிடக்காமல் முடிந்தமட்டும் நடமாடுவதே மருந்து.

வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் கதை வேறு. காசநோய் முதுகெலும்பிலும் வரும். முன்பு புற்றுநோய் வந்தவர்களும், விழுந்து அடிபட்ட வயதானவர்களும் காத்திருக்கக் கூடாது. சிலருக்கு வலி குறையும், கூடவே நடக்கையில் செருப்பு தானாகக் கழலும். வலி போயிற்றே என்று மகிழ்வார்கள். பாதத்தைத் தூக்கும் நரம்பு சோர்ந்துபோனதன் அடையாளம் அது.

எல்லாவற்றிலும் அவசரமானது குதிரைவால். தண்டுவடம் இடுப்பின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் கற்றையாகத் தொங்குவதால் இந்தப் பெயர். பெரிய பிதுக்கம் அதை நசுக்கினால் சிறுநீர் வராமல் முட்டும், அல்லது தெரியாமலே கசியும். இரண்டு கால்களும் தளரலாம். உட்காரும் இடம் மரத்துப்போகும். 'கழுவும்போது கை படுவது தெரிகிறதா?' என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான். கூச்சத்தால் சொல்லாமல், விடியட்டும் என்று இருந்துவிட்டுச் சிறுநீர்க் கட்டுப்பாட்டை நிரந்தரமாக இழந்தவர்கள் உண்டு.