எழுத்தாணிக்குப் பிறந்த கத்தி

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் சற்று வடக்கே போனால் அலுவிகாரை. வாய்மொழியாகவே வந்த திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்துப் பிக்குகள் இங்குள்ள குகைகளில் இருந்துதான் ஓலையில் ஏற்றினார்கள் என்பது இலங்கைப் பௌத்த மரபு. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது இங்கிருந்த ஏட்டுச் சேமிப்பு அழிந்தது. ஓலையில் எழுதும் கலை மட்டும் அழியவில்லை. இன்றும் வருகிறவர்களுக்கு எழுதிக் காட்டுகிறார்கள்.

பதப்படுத்திய தாளிப்பனை ஓலையை இடது கையில் ஏந்தி, எழுத்தாணி முனையை இடது பெருவிரலில் அண்டக்கொடுத்து நகர்த்த வேண்டும். கீறும்போது எழுத்து சரியாகக் கண்ணுக்குப் புலப்படாது. எண்ணெயில் குழைத்த கரியைப் பூசித் துடைத்ததும் கீறலுக்குள் தங்கிய கருமை பளிச்சென்று தெரியும். ஓலை கீறப்பட வேண்டும், கிழியக் கூடாது. ஆகவே எழுதும் பக்கத்தில் வெட்டுவாய் கிடையாது, கூர்மையெல்லாம் முனையில்தான்.

இதே அமைப்பில் இத்தாலியில் ஓர் ஆயுதம் இருந்தது. பெயர் ஸ்டிலெட்டோ. ஒடுங்கிய அலகு, வெட்டாது, குத்தும். இரும்பு வளையங்கள் கோத்த கவசத்தின் இடுக்கிலும் நுழையும். அங்கிக்குள் ஒளிக்கவும் வசதி என்பதால் கொலைகாரர்களுக்குப் பிடித்துப்போனது. மெழுகுப் பலகையில் எழுதும் ஆணியை ரோமானியர் 'ஸ்டிலுஸ்' என்றார்கள். இத்தாலியர் வாயில் அது 'ஸ்டிலோ' ஆகி, குறுவாளையும் குறித்தது. அதோடு சிறுமை காட்டும் விகுதி சேர்ந்ததே ஸ்டிலெட்டோ. ஊசிக் குதிகால் சப்பாத்துக்கு அந்தப் பெயர் ஒட்டியது இருபதாம் நூற்றாண்டில். எழுத்தாளரின் நடையை ஆங்கிலத்தில் 'ஸ்டைல்' என்கிறோமே, அதற்கும் தாய் இந்த ஆணிதான்.

ஆணி ஆயுதமானது வெறும் உவமையால் அல்ல. கி.மு. 44இல் தம்மைக் குத்த வந்த காஸ்காவின் கையைப் பிடித்து, சீசர் தம் எழுத்தாணியாலேயே குத்தினார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியுஸ் எழுதிவைத்திருக்கிறார்.

நம்மிடம் இருந்த வாரெழுத்தாணியின் மறுமுனையில் ஓலை நறுக்கச் சிறு கத்தியே உண்டு. ஆனால் ஏட்டையும் கத்தியையும் இன்னும் நெருக்கமாக முடிச்சுப் போட்டவர் சேக்கிழார். திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன், கத்தியை ஒளித்துக் கொண்டுவந்தது சுவடிக் கட்டுக்குள். அந்தக் கத்திக்குப் பெரியபுராணம் தரும் பெயர் 'பத்திரம்'. இலைக்கும் பத்திரம் என்றுதான் பெயர். காணி வாங்கும்போது நாம் கையெழுத்திடுவதும் பத்திரத்தில்தான்.