விளக்காத விளக்கு

விளக்குதலாகிய தொழிலாற் பெற்ற பெயர் விளக்கு. வழியை விளக்காத ஒன்றை அப்பெயரால் வழங்குதல் தகுமா? அமெரிக்காவிலே ‘பிக்கப்’ எனப்படும் சிறு சுமைவண்டிகளின் முன்விளக்குகளைப் பற்றி எழுந்த வினா ஏறத்தாழ இத்தகையதே.

அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 2016ஆம் ஆண்டிலே 11 பிக்கப் வண்டிகளை இரவில் ஓட்டி அவற்றின் ஒளியை அளந்தது. ‘நன்று’ என்னுந் தரம் பெற்றது ஹொண்டா ரிட்ஜ்லைன் ஒன்றே. அதன் சிறந்த விளக்கின் தாழ்ந்த ஒளி, நேர்ச்சாலையின் வலப்புறத்தே 358 அடிவரை எட்டியது. செவ்ரொலே கொலராடோவின் சாதாரண விளக்கொளியோ 123 அடியில் நின்றுவிட்டது. அந்நாட்டில் வண்டிகள் வலப்புறமாகச் செல்வன. ஆகலின் வீதியோரத்தே நடப்போர் இருக்கும் பக்கமும் அதுவே.

123 அடி போதாதோ என்பார் உளர். மணிக்கு 60 மைல் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் 88 அடி செல்லும். இருளில் நிற்பது மனிதனெனத் தெளிந்து, சாரதி தடையிற் கால் வைக்க ஒன்றரைச் செக்கன் ஆகுமெனக் கொள்வோம். அதற்குள் 132 அடி கழிந்துவிடும். அஃதாவது, தடையை அழுத்துமுன்னரே வண்டி அம்மனிதனைக் கடந்துவிடும். ‘கடந்துவிடும்’ என்றது மங்கல வழக்கு.

இக்குறை எங்ஙனம் நேர்ந்தது? அரசாங்க விதி விளக்கைத் தனியே ஆய்வுகூடத்தில் வைத்துச் சோதிப்பது. வண்டியிற் பூட்டியபின் அஃது எத்திசையை நோக்குகின்றதென வினவுவதில்லை. சற்றே கீழ்நோக்கினும் ஒளி குறுகிவிடும். மேல்நோக்கின் எதிரே வருவோன் கண் கூசும். பிக்கப் வண்டிக்கோ பின்தட்டிற் சுமை ஏற்றிய மாத்திரத்தே பின்புறந் தாழ்ந்து முன்புறம் நிமிர்கின்றது. பகலிற் செம்மையாகத் திருத்திய விளக்கும் அன்றிரவே பிறன் கண்ணிற் பாய்கின்றது.