கறையானையும் நண்பனாக்கிய உழவர்

மானாவாரி விவசாயத்தில் எவ்வளவு மழை பெய்தது என்பது ஒரு கணக்கு. பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்பது மற்றொரு கணக்கு. விளைச்சலை நிர்ணயிப்பது பெரும்பாலும் இரண்டாவது கணக்கே ஆகும். இந்த உண்மையைத் தம் சொந்த நிலத்தில் கண்டறிந்து, தாம் கண்டதை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த உழவர் ஒருவர் மேற்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்தார். அவர் பெயர் யாகூபா சவடோகோ. 1946இல் பிறந்த இவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் காலமானார். இயற்கையை அவர் பார்த்த பார்வையும், பழைய முறையைப் புதுப்பித்த யோசனையும், அடி விழுந்தபோது எழுந்து நின்ற உறுதியும், பிறரிடம் நடந்துகொண்ட பண்பும் சிறு விவசாயிகள் அறிந்துகொள்ளத் தக்கவை.

பொட்டலாகிப் போன பூமி

புர்கினா ஃபாசோ என்பது சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடு. 1984 வரை இதற்கு அப்பர் வோல்டா என்று பெயர். அந்நாட்டின் வடபகுதியில் யாடெங்கா என்ற வட்டாரம் உள்ளது. அங்குள்ள வாஹிகூயா நகரை ஒட்டிய கூர்கா என்ற கிராமமே யாகூபாவின் ஊர். அங்கு மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே. எஞ்சிய எட்டு மாதமும் வறட்சிதான். சோளமும் கம்பும் முக்கியப் பயிர்கள். நம் மானாவாரி நிலங்களில் விளையும் கம்பு, ஆதியில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய மேற்கு ஆப்பிரிக்க வறண்ட மண்டலத்திலிருந்து வந்த பயிர்தான்.

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் அங்கே கடும் வறட்சி நிலவியது. மரங்கள் பட்டுப்போயின. கிணறுகளில் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு கீழே போயிற்று. மேல்மண் காற்றிலும் வெள்ளத்திலும் போன பிறகு, அடிமண் ஓடுபோல இறுகிப் போனது. அதன் மேல் மழை பெய்தால் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். இத்தகைய பொட்டல் நிலத்தை அந்த மக்கள் 'சிப்பெல்லே' என்று அழைத்தனர். 1975க்கும் 1985க்கும் இடையில் சில கிராமங்களில் நான்கில் ஒரு பங்கு வரை குடும்பங்கள் பிழைப்புத் தேடி ஊரை விட்டு வெளியேறின.

அந்தக் காலத்தில்தான், சந்தையில் கடை வைத்திருந்த யாகூபா கடையை விட்டுவிட்டு நிலத்துக்குத் திரும்பினார்.

பழைய குழியில் புதிய யோசனை

மண்ணில் சிறு குழிகள் தோண்டி அதில் விதைக்கும் முறை அந்த வட்டாரத்தில் முன்பே இருந்தது. அதற்கு 'சாய்' என்று பெயர். அதிகாலையில் எழுந்து நிலத்தைத் தயார் செய்ய விரைவது என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நல்ல நிலம் இல்லாத ஏழைகள் மட்டுமே சிறு துண்டு நிலங்களில் இதைச் செய்து வந்தனர். மற்றவர்கள் இதை மதிக்கவில்லை.

யாகூபா இந்த முறையை மூன்று வகையில் மாற்றினார். முதலாவது, குழியை அகலமாகவும் ஆழமாகவும் ஆக்கினார். இரண்டாவது, ஒவ்வொரு குழியிலும் எருவும் சருகும் இட்டார். மூன்றாவது, மழை வரும் வரை காத்திராமல் கோடைக்காலத்திலேயே குழிகளை வெட்டினார். காய்ந்த காலத்தில் நிலத்தைக் கொத்துவது ஊர் வழக்கத்துக்கு மாறான செயல். கல்லைப் போன்ற தரையில் வெயிலில் நின்று குழி வெட்டுகிற மனிதனைப் பார்த்து, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே ஊரார் பேசினர்.

ஆனால் கோடைக் குழியில் பெரும் பயன் இருந்தது. காற்று அடித்துக்கொண்டு போகும் புழுதியும் இலை தழையும் குழிகளில் வந்து தங்கின. முதல் மழை பெய்தபோது, வழிந்தோட வேண்டிய நீர் குழிகளில் நின்றது. விதைப்பும் காலம் தவறாமல் நடந்தது. ஒன்றுமே விளையாத பொட்டலில் சோளக் கதிர் தலைகாட்டியது.

கறையான் செய்த உழவு

குழியில் இட்ட எருவையும் சருகையும் தேடிக் கறையான்கள் வந்தன. கறையான் என்றதும் மருந்து அடிக்கத் தோன்றுவது இயல்பு. யாகூபா அவ்வாறு நினைக்கவில்லை. கறையான் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து கவனித்தார். அது இறுகிய மண்ணுக்குள் நுண்ணிய வளைகளைக் குடைந்துகொண்டு போயிற்று. மழைநீர் அந்த வளைகளின் வழியே ஆழத்துக்கு இறங்கியது. கறையான் தின்று செரித்த சருகின் சத்தும் பயிருக்குக் கிடைத்தது. ஏரும் இறங்காத மண்ணை ஒரு பூச்சி கூலியில்லாமல் உழுது கொடுத்தது. பிற்காலத்தில் மண்ணியல் ஆராய்ச்சியாளர்கள் சாய் குழிகளை ஆராய்ந்தபோது கறையானின் இந்தப் பணியை உறுதி செய்தனர்.

இயற்கையில் எதையும் பகை என்று எடுத்த எடுப்பில் ஒதுக்காமல், அதற்குரிய வேலை என்ன என்று பார்ப்பதே யாகூபாவின் பார்வையாக இருந்தது.

எருவில் வந்த காடு

ஆடு மாடுகளின் எருவில் மர விதைகளும் இருந்தன. சோளம் முளைத்த குழியிலேயே மரக்கன்றுகளும் முளைத்தன. களை என்று அவற்றைப் பிடுங்கி எறியாமல் யாகூபா காப்பாற்றினார். பின்னர் தாமே விதைகளைச் சேகரித்து நடவும் தொடங்கினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே ஒரு காடு உருவாயிற்று. பொட்டலாகக் கைவிடப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ 40 எக்டர் பரப்பில், அதாவது சுமார் 100 ஏக்கரில், 60க்கும் மேற்பட்ட வகை மரங்களும் புதர்களும் வளர்ந்தன. அவற்றுள் மூலிகை மரங்களும் பல. மரங்கள் காற்றைத் தடுத்தன, நிழல் தந்தன, கால்நடைக்குத் தழை தந்தன, விறகும் தந்தன.

தீயும் பொறுமையும்

இந்தக் காடு எளிதில் வளர்ந்துவிடவில்லை. புதுமையைப் பொறுக்காத சிலர் மரங்களுக்குத் தீ வைத்தனர். பல ஆண்டு உழைப்பு கரியாயிற்று. யாகூபா ஊரை விட்டுப் போகவில்லை. அடுத்த மழைக்கு முன் மறுபடி குழி வெட்டி மறுபடி நட்டார்.

இங்கே அவரது பண்பைக் கவனிக்க வேண்டும். முன்பு ஏளனம் செய்த வட்டாரத்திலிருந்தே பிறகு விவசாயிகள் வழி கேட்டு வந்தனர். அவர் யாருக்கும் மறைக்கவில்லை. வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததோடு நில்லாமல், மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போயும் சொல்லிக் கொடுத்தார். இவ்வாறு அவர் சென்ற கிராமங்கள் நூறு அளவில் இருக்கும்.

விதைக்கு ஒரு சந்தை

1984 முதல் யாகூபா தம் பண்ணையில் ஆண்டுக்கு இரு முறை 'சாய் சந்தை' நடத்தி வந்தார். அறுவடை முடிந்ததும் ஒரு சந்தை. விவசாயிகள் தத்தம் குழிகளில் விளைந்த சோளம், கம்பு, தட்டைப்பயறு வகைகளைக் கொண்டுவந்து காட்டினர். எது வறட்சி தாங்கியது, எது முன்கூட்டியே முதிர்ந்தது என்று பேசிக்கொண்டனர். மாதிரி விதைகள் யாகூபாவிடம் சேமிப்பில் இருந்தன. மழைக்கு முன் இரண்டாவது சந்தை. அப்போது அவரவர் நிலத்துக்கு ஏற்ற விதையைத் தேர்ந்து எடுத்துச் சென்றனர். இச்சந்தைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து விவசாயிகள் வந்தனர். விரிவாக்கப் பணியாளர் செய்ய வேண்டிய வேலையை ஓர் உழவர் தம் செலவில் செய்தார் என்றே சொல்ல வேண்டும். இவரைப் பல ஆண்டுகள் நெருங்கி அறிந்த டச்சு நாட்டு அறிஞர் கிரிஸ் ரைஜ், அந்த வறண்ட மண்டலத்தில் மண், நீர்ப் பாதுகாப்புக்கு ஆராய்ச்சியாளர்கள் அனைவரும் சேர்ந்து செய்ததைக் காட்டிலும் யாகூபா ஒருவர் செய்தது அதிகம் என்ற கருத்தை வெளியிட்டிருக்கிறார்.

எல்லை தாண்டிய பாடம்

1989இல் அண்டை நாடான நைஜரின் இல்லேலா வட்டாரத்திலிருந்து 13 விவசாயிகள் யாடெங்காவுக்கு வந்து சாய் குழிகளைப் பார்த்துச் சென்றனர். திரும்பியதும் சிலர் தம் நிலங்களில் செய்து பார்த்தனர். முதலாண்டில் மொத்தப் பரப்பு 4 எக்டர்தான். மறு ஆண்டில் அது 70 எக்டர் ஆயிற்று. அந்த 1990 வறட்சி ஆண்டு. குழி வெட்டிய நிலங்களில் மட்டுமே சொல்லிக்கொள்ளும்படியான விளைச்சல் கிடைத்தது. அதற்குப் பின் யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. விலை போகாமல் கிடந்த பொட்டல் நிலத்தை வாங்கவும் ஆட்கள் வரத் தொடங்கினர்.

கல் வரப்பும் டியூப் மட்டமும்

யாடெங்காவில் குழியோடு சேர்ந்து கைகொடுத்தது கல் வரப்பு. 1979இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபாம் நிறுவனத்தின் திட்டம் ஒன்று, சம உயரத்தில் கற்களை வரிசையாக அடுக்கும் முறையை விவசாயிகளோடு சேர்ந்து செம்மைப்படுத்தியது. கற்களின் இடுக்கு வழியே நீர் மெதுவாகக் கசியும். வண்டல் தங்கும். மண் வரப்பைப் போல உடைப்பெடுக்காது. சம உயரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. வீடு கட்டும்போது கொத்தனார் மட்டம் பார்க்கிற, தண்ணீர் நிரப்பிய டியூப்பே போதுமானது என்று அந்தத் திட்டத்தில் காட்டினர். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளும் ஓரிரு நாளில் இதைக் கற்றுக்கொண்டனர்.

செய்து பார்க்க விரும்புவோர் கவனத்துக்கு

மழைக்கு முன்பே குழிகளை வெட்டிவிட வேண்டும். குழியின் விட்டம் 20 முதல் 30 செ.மீ., ஆழம் 15 முதல் 20 செ.மீ., அதாவது சுமார் ஒரு சாண். குழிக்குக் குழி 2 முதல் 3 அடி இடைவெளி விடலாம். இவ்வாறு செய்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000 முதல் 10,000 குழிகள் வரும். குழிகளை ஒரே நேர்கோட்டில் இல்லாமல், ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் குழி வரும்படி மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் அணைத்தால் நீர் தேங்கும்.

குழிக்கு இரண்டு கைப்பிடி மட்கிய தொழு உரம் இட்டு, மேலே சிறிது மண் மூடி, மழை பெய்ததும் நாலைந்து விதைகளை ஊன்ற வேண்டும். குழிக்கு 300 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 5,000 குழிக்கு ஒன்றரை டன் எரு தேவைப்படும். நிலம் முழுதும் எருவைத் தூவுவதைவிடக் குழியில் இடுவதால் பயிர் அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

யாடெங்காவில் ஒன்றும் விளையாத தரையில், மழை குறைந்த ஆண்டில் எக்டருக்கு 300 முதல் 400 கிலோ தானியமும், நல்ல ஆண்டில் 1,500 கிலோ வரையும் கிடைத்துள்ளது. ஏக்கர் கணக்கில் இது 120 முதல் 600 கிலோ ஆகும்.

இதில் கவனிக்க வேண்டிய குறைகளும் உண்டு. ஒரு ஏக்கருக்குக் குழி வெட்ட ஏறத்தாழ 25 ஆள் வேலை பிடிக்கும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால் முதலாண்டிலேயே செலவை எடுக்க முடியாமல் போகலாம். ஆகவே வேலையில்லாத கோடை நாட்களில் குடும்ப உழைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதே நல்லது. இறுகிய, நீர் இறங்காத நிலத்துக்கே இம்முறை பொருந்தும். மணல்சாரியான நிலத்தில் குழி தூர்ந்துவிடும். நீர் தேங்கும் தாழ்வான நிலத்தில் பயிர் அழுகிவிடும். கறையான் சேதம் மிகுந்த நிலத்தில் நிலக்கடலை போன்ற பயிர்களுக்கு மட்காத எருவை இடக் கூடாது. யாகூபா கறையானை வரவேற்றது, விதைப்புக்கு முன் காய்ந்து இறுகிக் கிடந்த மண்ணைத் திறக்கவே என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் 10 சென்ட் நிலத்தில் மட்டும் குழி வெட்டி, பக்கத்தில் அதே அளவு நிலத்தை வழக்கம்போல் விதைத்து, இரண்டின் விளைச்சலையும் செலவையும் எழுதி ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விரிவுபடுத்துவது சிறந்தது.

கிடைத்ததும் இழந்ததும்

யாகூபாவுக்கு 2018இல் ஸ்வீடன் நாட்டின் 'ரைட் லைவ்லிஹுட்' விருதும், 2020இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 'பூமியின் காவலர்' விருதும் கிடைத்தன. ஆனால் வாஹிகூயா நகரம் வளர்ந்தபோது, அவர் வளர்த்த காட்டின் ஒரு பகுதி வீட்டுமனைத் திட்டத்துக்குள் வந்து, அங்கே கட்டடங்களும் எழும்பின. நிலத்தின் மீது எழுத்து மூலமான உரிமை இல்லாதவர் எவ்வளவு உழைத்து மண்ணைத் திருத்தினாலும் அது நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. பட்டா, சிட்டா ஆகியவற்றைத் தம் பெயரில் சரியாக வைத்துக்கொள்வதும் மண் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பதை விவசாயிகள் மறந்துவிடக் கூடாது.

காட்டின் ஒரு பகுதி மனைகளாகப் போனாலும், குழி முறை போகவில்லை. அது ஆயிரக்கணக்கான விவசாயிகளின் கைக்குப் போய்விட்டதே காரணம். யாகூபா அதைத் தமக்கென்று மறைத்து வைத்திருந்தால் அவர் நிலத்தோடு அதுவும் முடிந்திருக்கும். வறட்சி தாங்கிய ஒரு விதை, பலன் கண்ட ஒரு முறை கையில் உள்ள விவசாயிகள், வரும் பருவத்துக்கு முன் பக்கத்து நிலத்துக்காரருக்கும் ஒரு படி விதையைக் கொடுத்து, செய்முறையையும் சொல்லி வைப்பது நல்லது. ஒரு வயலில் தவறிப்போனாலும் மற்றொரு வயலிலிருந்து அந்த விதையைத் திரும்பப் பெறலாம்.