‘ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க’

ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஊராட்சிச் சாலையைப் படம் எடுத்துப் போடுகிறார். ‘போன மாசம் போட்ட தாரை இந்த மாசம் காணோம்’ என்று ஒரு வரி. மறுநாள் போன் வருகிறது: “அவதூறு கேஸ் ஆயிடும். ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” பாதிப் பேர் அந்தப் போனுக்கே பயந்து பதிவை அழித்துவிடுகிறார்கள்.

அவதூறுக்குப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் அது 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்தான். ஆனால் பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் கொடுத்துத்தான் வழக்கைத் தொடங்க வேண்டும். அமைச்சருக்காகவோ அரசு ஊழியருக்காகவோ அரசு வக்கீல் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கேயும் எஃப்.ஐ.ஆருக்கு வேலை இல்லை. ஆனால் ‘உண்மையைத்தானே எழுதினேன்’ என்று சொல்வது மட்டும் இந்தக் குற்றவழக்கில் போதாது. அதை வெளியிட்டது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். சாலைக் கதையில் அது சுலபம்; அதிகாரியின் குடும்ப விஷயத்தை இழுத்தால் கஷ்டம்.

அரசியலமைப்பின் 19(1)(அ) குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. 19(2) அதற்கு எட்டு வேலிகளைப் போடுகிறது: நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். தலைவருக்குக் கோபம் வந்தது, ஆளுங்கட்சிக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் இதில் கிடையாது.

இந்தப் பட்டியலில் நம்மூர்க் கை உண்டு. ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைச் சென்னை மாநில அரசு தடுத்தது. 1950இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து ‘பொது ஒழுங்கு’ என்ற வேலியைச் சேர்த்தது. அதே திருத்தம்தான் கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. என்னைக் கேட்டால், குடிமகனுக்கு இன்றும் பிடிமானம் அந்த ஒரு சொல்தான். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ பட வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிப் பேச்சைத் தடுக்கக் கூடாது என்றது. வெடிமருந்தில் விழும் பொறிபோலப் பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும்.

இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளுக்குத் தண்டனை தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66ஏ, உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2015 மார்ச் 24 அன்றே செத்துவிட்டது. செத்த பிறகும் அதில் வழக்குகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லி 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

நிஜமான ஆபத்து ஃபார்வர்டில் இருக்கிறது. சாதி, மதப் பகையை மூட்டுவது (பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 196), மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது (299) ஆகியவற்றில் 3 ஆண்டு வரை சிறை. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பது எடுபடாது. அனுப்பியவரும் பொறுப்பாளி, பிறகு மன்னிப்புக் கேட்டாலும் வழக்கு போகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது.

மறுபடியும் அந்தப் போனுக்கு வருவோம். ‘எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், வருகிறேன்’ என்று பணிவாகச் சொல்லலாம். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியமில்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 35(3)இன்படி நோட்டீஸ்தான் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. முறையாக வந்த நோட்டீஸுக்குப் போகாமல் இருப்பதுதான் கைதுக்கு வழி. பேச்சு தொடர்பான புகார்களில், தண்டனை 3 முதல் 7 ஆண்டுக்குள் இருந்தால், 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று அதே ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையும் மீறி எஃப்.ஐ.ஆர். விழுந்தால், ரத்து செய்யக் கோரி பி.என்.எஸ்.எஸ். 528ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம். வக்கீலுக்கு வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.

பதிவை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். படம் எடுத்த தேதியோடு ஒரு நகல் இருக்கட்டும். கூடவே 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு ஒன்று: அந்தச் சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், தார் எத்தனை அங்குலம்? 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த பதிவில் அந்தப் பதிலைப் போடுங்கள்.